சிறுகுடலும் அதனைக் கண்ணாற் காணும் கருவிகளும்

நாம் உண்ணும் உணவு செல்லும் பாதை வாய் முதல் மலவாய் வரை ஒரே குழாயாக அமைந்ததாயினும், அதன் எல்லாப் பகுதிகளும் வைத்தியருடைய கண்ணுக்கு ஒரே காலத்திற் புலப்பட்டனவல்ல. உணவுக்குழாய், இரைப்பை ஆகிய மேற்பகுதியையும், பெருங்குடலாகிய கீழ்ப்பகுதியையும் ஒளிக்குழாய் செலுத்திப் பார்க்கும் வித்தை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே கைவந்துவிட்டது. இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள சிறுகுடலோ, முன்கட்டும் பின்கட்டும் திறந்திருக்க நடுவே தாழிட்ட அறை போல, அந்நூற்றாண்டு முடியும் வரையில் பெரும்பாலும் காணப்படாததாகவே இருந்தது. அத்தாழ் திறந்த வரலாற்றையும், அதனால் நோயாளிகளுக்கு உண்டான பிரயோஜனத்தையும், அதிலுள்ள அபாயங்களையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம்மாணாக்கர் பலருடைய சகோதரரும் சகோதரிகளும், ஏன், பழைய மாணாக்கர் பலருமே, ஸ்ரீபெரும்பூதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள தொழிற்சாலைகளில் இப்பொழுது வேலை பார்த்து வருகின்றனர். அவர்களை மனத்தில் வைத்தே இதனை எழுதத் துணிந்தேன்.

சிறுகுடலின் அமைப்பை முதலிற் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அது விரற்கட்டை ஒன்றரை அளவே குறுக்களவுள்ள மெல்லிய குழாய். நீளமோ மூன்று முதல் ஆறு மீட்டருக்கு மேலும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இரைப்பையை அடுத்துள்ள முதற் பாகமாகிய முன்சிறுகுடல் ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் நீளமுடையது. அது முதுகுப்புறச் சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்கிறது. அதற்குப் பின் வரும் இடைச்சிறுகுடலும் கடைச்சிறுகுடலும் விசிறி போன்ற ஒரு மெல்லிய சவ்வினால் மட்டும் பிணைக்கப்பட்டு, வயிற்றுக்குள் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, எந்நேரமும் நெளிந்துகொண்டேயிருக்கின்றன. உட்சுவர் முழுவதும் வெல்வெட்டுத் துணியைப் போல நுண்ணிய விரல்கள் எழுந்து நிற்கும். உணவின் சாரம் உடம்பிற் சேர்வது பெரும்பாலும் இவ்விரல்களின் வழியேயாம். இவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு டென்னிஸ் மைதானத்தை மூடிவிடலாம் என்று நெடுங்காலமாகப் பாடப் புஸ்தகங்கள் சொல்லி வந்தன. 2014-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் மறுபடியும் அளந்து பார்த்து, அது முப்பது சதுர மீட்டர் அளவே இருக்கும் என்று கணக்கிட்டனர். ஒரு பூப்பந்து ஆடுகளத்தில் பாதி கூட இல்லை! ஆயினும் ஒரு சாண் வயிற்றுக்குள் இத்தனை இடம் மடித்து வைக்கப்பட்டிருப்பது அற்பமன்று.

ஸ்ரீபெரும்பூதூர் என்றவுடன் முன்னாளில் யாவர்க்கும் இராமாநுஜர் பிறந்த தலம் என்பதே நினைவுக்கு வரும். 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் கொரியா தேசத்து ஹூண்டாய் கம்பெனியின் மோட்டார் வண்டிகள் வெளிவரத் தொடங்கியதும் அப்பிரதேசத்தின் முகம் மாறிற்று. நோக்கியா கம்பெனி 2006-இல் அங்கே கைப்பேசி செய்யத் தொடங்கி 2014-இல் மூடிவிட்டது. அதன் பின்னும் கைப்பேசித் தொழில் வேறு கம்பெனிகளால் அங்கே வளர்ந்தே வந்திருக்கிறது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையிலுள்ள ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், ராயல் என்பீல்டு முதலிய கம்பெனிகளின் ஆலைகள் 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் எழுந்தன. தூரத்துச் சில்லாக்களிலிருந்து வந்து விடுதிகளிற் தங்கி, முறை மாறி முறை நின்றபடி வேலை செய்யும் இளம்பெண்கள் அங்கே பல்லாயிரவர்.

இவர்களுக்கும் சிறுகுடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். சோகை என்னும் ஒரு சொல்லே விடையாகும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் சோகையுடையவர். இதிற் பெரும்பங்குக்குக் காரணம் உணவிற் குறைந்த இரும்புச் சத்தும் மாதவிடாயுமே. அதற்குக் கருவி வேண்டுவதில்லை, கீரையும் பருப்பும் இரும்பு மாத்திரையும் போதும். ஆனால் மாத்திரை மாதக்கணக்கில் உண்டும் இரத்தம் ஏறாத ஒரு சிலர் எஞ்சுவர். அவர்கள் உடம்பில் எங்கோ ஒரு துளை வழியே இரத்தம் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருக்கலாம். ஜீரணப் பாதையில் உண்டாகும் இரத்தப்போக்கில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை சிறுகுடலிலிருந்து வருவது என்பர். அவ்விரத்தம் மலத்தோடு கலந்து கரைந்து நிறம் மாறிவிடுவதால், நோயாளிக்கே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நடைபெறும். களைப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்பன மட்டும் தெரியும். அவற்றை இரவு முறை வேலையின் களைப்பென்றே அவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

இவ்வாறு இரத்தத்தைக் கவரும் கள்வர் சிலர். முதலாவது கொக்கிப்புழு. வெறுங்காலின் வழியே ஏறிச் சிறுகுடலின் மேற்பாகத்திற் பல்லைப் பதித்துத் தொங்கும் இப்புழுவில் ஒரு ஜாதி, ஒன்றுக்கு நாளொன்றில் 0.15 முதல் 0.2 மில்லிலிட்டர் இரத்தம் இழக்கச் செய்யும். நூறு புழு இருந்தால் நாளுக்கு இருபது மில்லிலிட்டர் வரை போய்விடும் என்று கணக்கிட்டுக்கொள்க. 2015 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து வருவது இதனைக் கருதியே. இரண்டாவது கள்வன் நாமே காசு கொடுத்து அழைத்து வருகிறவன்: முதுகு வலிக்கும் முழங்கால் வலிக்கும் மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கியுண்ணும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் முதலிய வலிநீக்கிகள். இவை இரைப்பையைப் புண்ணாக்கும் என்பது பலர் அறிந்ததே. சிறுகுடலையும் புண்ணாக்கும் என்பது அறிந்தவர் சிலரே. 2005-இல் வெளியான ஒரு பரிசோதனையில், நோயற்ற நாற்பது பேருக்கு இரண்டு வாரம் டைக்ளோபினாக்கும், இரைப்பையைக் காக்க ஒமிப்ரசோலும் கொடுத்துப் பின் சிறுகுடலைப் படமெடுத்துப் பார்த்தனர். இருபத்தேழு பேரிடம் புதிதாகப் புண்ணோ சிவப்போ காணப்பட்டது. இரைப்பைக்குக் காவல் போட்டாலும் சிறுகுடலுக்குக் காவலில்லை என்பது இதனால் விளங்கும். மூன்றாவதாகக் காசநோயைச் சொல்ல வேண்டும். அதனைப் பின்னர் விரித்துரைப்போம்.

இனிக் கருவிகளின் வரலாறு. 1868-இல் ஜெர்மனி தேசத்து ப்ரைபர்க் நகரத்தில் குஸ்மௌல் என்னும் வைத்தியர், வாள் விழுங்கும் கழைக்கூத்தன் ஒருவனைக் கொண்டு நேரான உலோகக் குழாயொன்றை இரைப்பை வரை செலுத்திக் காட்டினார். வாள் விழுங்கப் பழகாத நம் போன்றோர்க்கு அது ஆகாத காரியம். வளையக்கூடிய குழாயின் வழியே ஒளியையும் உருவத்தையும் கொண்டுசெல்லும் உபாயத்தைத் தேட வேண்டியதாயிற்று. அவ்வுபாயத்தில் இந்தியர் ஒருவருக்குப் பெரும்பங்குண்டு. பஞ்சாபிலுள்ள மோகா என்னும் ஊரில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, மயிரினும் நுண்ணிய கண்ணாடி இழைகள் ஆயிரக்கணக்கில் கட்டிய கற்றையின் வழியே உருவம் வளைந்து செல்லும் என்பதை 1954-இல் வெளியிட்டார். அதனைக் கற்ற ஹிர்ஷோவிட்ஸ் என்னும் வைத்தியர் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலையில் 1957-இல் முதல் இழைக்குழாயைச் செய்து, நோயாளிக்குப் போடுமுன் தம் தொண்டையிலேயே போட்டுப் பார்த்தார். இன்றைய இரைப்பை எண்டோஸ்கோப்பி, பெருங்குடற் கொலனாஸ்கோப்பி ஆகிய யாவும் அதன் சந்ததிகள். இழைக்கு மாறாக நுனியிற் சிறு காமிரா வந்தது ஒன்றே பின்வந்த பெரிய மாற்றம்.

ஆயினும் இக்குழாய்கள் சிறுகுடலின் இரு வாயில்களில் நின்றுவிட்டன. இரைப்பைக் குழாய் முன்சிறுகுடலின் இரண்டாம் மடிப்பு வரை போகும். பெருங்குடற் குழாய் கடைச்சிறுகுடலிற் சில விரற்கடை எட்டிப் பார்க்கும். அதற்குமேல் தள்ளினால் என்னாகும்? நனைந்த கயிற்றை ஒரு முனையில் நின்று தள்ளுகிறவனுக்கு நேர்வதுதான். தள்ளும் விசை முழுவதும் சுருள்களை அகலப்படுத்துவதிற் செலவழிந்து, நுனி நின்ற இடத்திலேயே நிற்கும். நோயாளிக்கு வலி மட்டும் மிகும். குடலின் நெளிவே இழுத்துச் செல்லட்டுமென்று மெல்லிய குழாயை மூக்கின் வழி விட்டுப் பல மணி நேரம் காத்திருக்கும் முறை ஒன்றும், வயிற்றை அறுத்துத் திறந்து சத்திர வைத்தியர் குடலைக் கையாற் குழாயின்மேல் ஏற்றிக் காட்டும் முறை ஒன்றும் சிலகாலம் வழக்கிலிருந்தன. முன்னதில் சிகிச்சை செய்ய இயலாது. பின்னதன் கடுமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் நமது மாகாணத்துக்கே உரிய ஒரு செய்தியைக் கூறாமல் அப்பாற் செல்லலாகாது. ஸ்ரீபெரும்பூதூரைத் தாண்டி அதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வருவது வேலூர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் சிறு வைத்தியசாலையாகத் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாக்கிய ஸ்தாபனமே இன்றைய கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அச்சுற்றுப்புறக் கிராமங்களில், ஓயாத வயிற்றுப்போக்கும் மெலிவும் சோகையுமாகக் கூட்டங்கூட்டமாக ஜனங்களை வாட்டிய ஸ்ப்ரூ என்னும் நோய் பரவியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அங்கே பணிபுரிந்த செல்வின் பேக்கரும், அவரோடும் அவருக்குப் பின்னும் அவ்வாராய்ச்சியை நடத்திய வி. ஐ. மத்தானும் கிராமம் கிராமமாகச் சென்று அதனை ஆராய்ந்தனர். கண்ணாற் காண வழியில்லாத அக்காலத்தில் சிறுகுடலை அறிந்தது எப்படியென்றால், விழுங்கிய கருவியினால் அதன் உட்சுவரில் எள்ளளவு திசுவைக் கொய்து வெளியே எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தே அறிந்தனர். இவ்வகைக் கருவிகளிற் பேர்பெற்றது அமெரிக்கப் படை வைத்தியராகிய க்ராஸ்பி 1957-இல் வெளியிட்ட உலோகக் குளிகை. மெல்லிய குழாயின் நுனியிற் கட்டிய அக்குளிகைக்குள் ஒரு வில்லும் சிறு கத்தியும் உண்டு. விழுங்கியபின் எக்ஸ்-ரே பார்த்து இடத்தை உறுதி செய்துகொண்டு, வெளியிலிருந்து பிச்சாங்குழலால் உறிஞ்சினால், குடற்சுவர் துளைக்குள் இழுபட, கத்தி சுழன்று கொய்துவிடும். குருடன் கைத்தடியால் வழி தேடுவது போன்ற இம்முறையால், நோயற்றவரென்று தோன்றும் தென்னிந்தியரிடத்தும் குடல் விரல்கள் மேனாட்டாரினும் குட்டையாயிருத்தல் முதலிய பல உண்மைகள் வெளிப்பட்டன. விழுங்கும் குளிகையால் சிறுகுடலை ஆராயும் வழக்கம் நம்மூருக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

அக்குளிகைக்குக் கண் முளைத்த கதை இனி வருவது. இஸ்ரேல் தேசத்தில் படைக்கலங்களுக்குரிய காமிராக்களை அமைக்கும் காவ்ரியல் இட்டான் என்னும் பொறியியலார், 1981-இல் அமெரிக்காவிற் சிலகாலம் தங்கியிருந்தபொழுது, அண்டையிலிருந்த குடல் வைத்தியராகிய ஸ்காபா என்பவரோடு உரையாடுவது வழக்கம். சிறுகுடலைப் பார்க்க முடியவில்லையே என்று ஸ்காபா சொல்ல, ஏவுகணையின் நுனியிற் கண் வைக்க முடியுமானால் குடலுக்குள் ஏன் ஒரு சிறு ஏவுகணையை விடலாகாது என்று இட்டான் சிந்திக்கலானார். அக்காலத்துக் காமிராக்களோ மின்சாரத்தை விரைவில் குடித்துத் தீர்ப்பவை. தொண்ணூறுகளில் ஒரே சில்லில் அமைந்த, சொற்ப மின்சாரத்தில் இயங்கும் காமிராக்கள் வந்தபின்னரே எண்ணம் கைகூடிற்று. லண்டனில் தனியே இதே முயற்சியிலிருந்த பால் ஸ்வெயின் என்னும் வைத்தியரும் உடன் சேர்ந்தார். 1999-இல் அவரே முதற் குளிகைகளில் ஒன்றை விழுங்கினார். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நேச்சர் பத்திரிகையில் அச்செய்தி வெளியாயிற்று. மறு ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதியும் கிடைத்தது.

அக்குளிகை 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் குறுக்களவும் உடையது. எடை நான்கு கிராமுக்கும் குறைவு. ஒரு முனையில் ஒளி புகும் கவிகை, அதனுள்ளே வெண்விளக்குகள், வில்லை, காமிராச் சில்லு, பின்னே பொத்தான் போன்ற மின்கலங்கள், கடைசியில் ஒரு சிறிய ஒலிபரப்பி. நோயாளி முதல்நாள் இரவு முதல் உணவின்றியிருந்து, பேதிக்கு மருந்துண்டு, காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு இதனை விழுங்குவார். இரண்டு மணிக்குப் பின் நீரும் நான்கு மணிக்குப் பின் இலேசான ஆகாரமும் கொள்ளலாம். குளிகை விநாடிக்கு இரண்டு படமாக எட்டு மணி நேரம் எடுத்தனுப்ப, வயிற்றின்மேலும் அரையிலும் கட்டிய வாங்கிகள் அவற்றைச் சேகரிக்கும். கணக்கிட்டால் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். ஊசியில்லை, மயக்கமில்லை, படுக்கையில்லை. குளிகை ஓரிரு நாளில் மலத்தோடு வெளியேறிவிடும். அதனைத் தேடிக் கழுவிக் கொணர வேண்டிய அவசியமும் இல்லை. இத்தனை படங்களையும் பார்த்து முடிக்க வைத்தியருக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கண் ஒரு விநாடி அயர்ந்தால், ஒரே ஒரு படத்தில் மட்டும் தோன்றிய புண் தப்பிவிடும். 2019-இல் சீன தேசத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் நோயாளிகளின் படங்களைக் கணினியைக் கொண்டு முதலில் வடிகட்டிப் பார்த்தபொழுது, வைத்தியர் ஒருவருக்குச் சராசரி 97 நிமிஷம் பிடித்த வேலை ஆறு நிமிஷமாகக் குறைந்தது என்று தெரிவித்தனர்.

இக்குளிகை காண்பதன்றிச் செய்வதொன்றுமில்லை. நிற்கவும், திரும்பவும், கழுவிப் பார்க்கவும், திசு எடுக்கவும் அதனால் ஆகாது. குடலின் போக்கே அதன் போக்கு. அன்றியும் ஒரு பேரிடருண்டு. குடல் எங்கேனும் சுருங்கியிருந்தால் குளிகை அவ்விடத்திற் சிக்கிக்கொள்ளும். இரத்தக் கசிவுக்காக விழுங்குவோரில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே இது நேர்வதாயினும், குரோன் நோய் உள்ளவரென்று முன்பே அறியப்பட்டவர்க்கு அதனினும் மிகுதி. காசநோயினாலும் வலிநீக்கிகளாலும் குடற் சுருக்கம் உண்டாகும் நமது நாட்டில் இதனை அலட்சியம் செய்யலாகாது. சந்தேகமிருந்தால் சி.டி. ஸ்கான் எடுத்துப் பார்ப்பர். அல்லது பால் சர்க்கரையாற் செய்யப்பட்டு, சிக்கினாலும் ஒன்றரை நாளிற் கரைந்துவிடும் பொய்க்குளிகை ஒன்றை முதலில் விழுங்கச் செய்வர். இரண்டு வாரமாகியும் வெளியேறாத குளிகை சிக்கியதாகக் கொள்ளப்படும். அது வெளியேறியது உறுதியாகும் வரையில் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் பரிசோதனைக்கு எக்காரணம் பற்றியும் உட்படலாகாது.

குளிகை உலாவத் தொடங்கிய அதே காலத்தில், ஜப்பான் தேசத்து ஜிச்சி வைத்தியக் கல்லூரியில் யமமோட்டோ ஹிரோனோரி என்பவர் வேறொரு வழியை யோசித்தார். தள்ளுவதனால் அல்லவோ சுருள் அகலுகிறது? அகலாதபடி குடலைப் பிடித்துக்கொண்டு தள்ளினால் என்ன என்பது அவர் கேள்வி. அவர் 2001-இல் வெளியிட்ட இரட்டைப் பலூன் குழாயின் தத்துவத்தைப் பாவாடைக்கு நாடா கோத்தவர் எவரும் எளிதில் உணர்வர். ஊக்கை இடுப்புப்பட்டிக்குள் விட்டுச் சிறிது முன்னே நகர்த்துகிறோம். பின் ஊக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, துணியைச் சுருக்கிப் பின்னே தள்ளுகிறோம். மறுபடியும் ஊக்கை நகர்த்துகிறோம். நாடா சிறிதாயிருந்தும் நீண்ட பட்டி முழுவதும் அதன்மேல் மடிப்பு மடிப்பாக ஏறிவிடுகிறது. யமமோட்டோவின் கருவியில் 200 செண்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய காமிராக் குழாய் ஒன்றும், அதன்மேல் உறைபோல் வழுக்கிச் செல்லும் 145 செண்டிமீட்டர் புறக்குழாய் ஒன்றும் உண்டு. இரண்டின் நுனியிலும் மெல்லிய ரப்பர் பலூன். புறக்குழாயின் பலூன் ஊதி நிற்கக் காமிராக் குழாய் முன் செல்லும். அதன் பலூனை ஊதிப் பிடித்துக்கொண்டு, புறக்குழாயைத் தளர்த்தி அதன்மேல் வழுக்கி விடுவர். இரு பலூனும் ஊதிய நிலையில் இரண்டையும் மெல்லப் பின்னுக்கிழுத்தால், பிடிபட்ட குடல் புறக்குழாயின்மேல் மடிந்து ஏறும். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்து, இரண்டு மீட்டர்க் குழாயினால் அதனினும் பன்மடங்கு நீண்ட குடலைக் கடக்கலாயிற்று.

வாய் வழியே முழுவதும் கடக்க எப்பொழுதும் இயலாது. எட்டிய எல்லையில் குடற்சுவருக்குள் ஊசியாற் சிறிது கரிய மையை ஏற்றி அடையாளமிட்டுவிட்டு, வேறொரு நாளில் மலவாய் வழியே சென்று அவ்வடையாளத்தைக் கண்டால் முழுக்குடலும் பார்த்தாயிற்று. அம்மைக்கு உலகெங்கும் இந்திய மை என்று பெயர், பிறந்ததென்னவோ சீனத்தில்! ஒவ்வொரு பக்கத்துப் பிரயாணமும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும்; மயக்க மருந்து வேண்டும்; கைதேர்ந்த இருவர் வேண்டும். குடலை விரிக்கக் காற்றை ஊதுவதைவிடக் கரியமில வாயுவை ஊதுவது நலம், உடம்பு அதனை விரைவில் உறிஞ்சிக்கொள்வதால் வயிற்றுப் பொருமல் குறையும். குடலிற் துளை விழுதலும் கணைய வீக்கமும் நேரக்கூடிய அபாயங்கள்; இவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே.

இத்தனை பாடும் எதற்கென்றால், இக்குழாய்க்குக் கண்ணோடு கையும் உண்டு. நடுவே ஓடும் துவாரத்தின் வழியாகக் கம்பிகளையும் இடுக்கிகளையும் செலுத்தலாம். முதியோரிடத்து இரத்தம் கசியும் நுண்குழாய்க் கொத்துக்களை ஆர்கான் வாயுவின் மின்பொறியாற் பொசுக்கியடைக்கலாம். சுருங்கிய இடத்தை வேறொரு பலூனால் விரிக்கலாம். சிக்கிய குளிகையையே வலையிட்டு மீட்கலாம். பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்று ஒரு பரம்பரை நோயுண்டு. அதனை உடைய பிள்ளைகளுக்கு உதட்டில் கருமைப் புள்ளிகள் தோன்றும். சிறுகுடலிற் காளான் போன்ற கட்டிகள் வளரும். அக்கட்டி குடலையே குடலுக்குள் செருகச் செய்து உயிர்க்கு இறுதி விளைப்பதுண்டு. இவர்களுக்கு வாழ்நாளில் மூன்று நான்கு முறை வயிற்றை அறுத்துக் குடலை வெட்ட நேர்ந்து, கடைசியில் உண்டது ஒட்டாத நிலை வருவது முன்னாளிற் சகஜம். இப்பொழுது அக்கட்டிகளைக் கம்பிச் சுருக்கிட்டு அறுத்து, கத்தி படாமலே ஆண்டுக்கணக்கில் காத்துவர முடிகிறது. இக்கருவியால் விளைந்த நன்மைகளுள் இதுவே தலையாயது என்பது என் எண்ணம்.

ஒற்றைப் பலூனோடு இதே வேலையைச் செய்யும் குழாய் 2007-ஐ ஒட்டி வந்தது. திருகாணி மரத்தில் ஏறுவது போலச் சுருட்புரி கொண்டு குடலை ஏற்றும் குழாயும், பின்னர் அதற்கு மோட்டார் பூட்டியதும் வந்தன. மோட்டார்க் குழாய் அரைமணி நேரத்தில் நெடுந்தூரம் போகிறதென்று யாவரும் வியந்தனர். இந்தியாவிலும் பெரிய வைத்தியசாலைகளில் உபயோகமாயிற்று. ஆனால் சிலருக்கு நேர்ந்த தீங்குகளின் காரணமாக அதனைச் செய்த ஒலிம்பஸ் கம்பெனியே 2023-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இனிக் காசநோயைப் பற்றிச் சொல்லுவோம். உலகத்துக் காசநோயாளருள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் இந்தியர். அந்நோய் நுரையீரலை மட்டுமன்றிக் குடலையும் பற்றும். கடைச்சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடம் அதற்கு மிகப் பிடித்தமானது. அதே இடத்தையே விரும்பி, அதே வலியும் காய்ச்சலும் மெலிவும் தருகின்ற மற்றொரு நோய் உண்டு. நியூயார்க் நகரத்துக் குரோன் என்னும் வைத்தியரும் தோழர் இருவரும் 1932-இல் வெளியிட்டதனால் அதற்குக் குரோன் நோய் என்று பெயர். அது மேனாட்டு நோய், நமக்கில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இன்று இங்கும் மிகுந்து வருகிறது. இரண்டையும் பிரித்தறிவது வைத்தியர்க்கு உண்மையான சோதனை. ஏனெனில் குரோன் நோய்க்குத் தரும் மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பது. அதனைக் காசநோயாளிக்குக் கொடுத்தால் நோய் கட்டவிழ்ந்து பரவும். மாறாகக் குரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்தைக் கொடுத்தால் மாதங்கள் வீணாகிக் குடல் சுருங்கும். புண் குறுக்கே வளையம் போலிருந்தால் காசநோயென்றும், நெடுக்கே கீறியது போலிருந்தால் குரோனென்றும் கண்ணளவில் ஒருவாறு ஊகிக்கலாம். திசு கொய்து கிருமியைத் தேடிப் பார்ப்பதே மேலான வழி. அதற்கும் விடை கிடைக்காதபொழுது, காசநோய் மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்து மறுபடியும் குழாய் செலுத்திப் பார்ப்பது நம்நாட்டு வழக்கம். புண் ஆறியிருந்தால் மருந்தை ஆறு மாதம் நிறைவு செய்வர். நோய் சிறுகுடலின் நடுவிலிருந்தால் பலூன் குழாயின்றித் திசு எடுக்க வேறு வழி வயிற்றை அறுப்பதே.

இவற்றையெல்லாம் கேட்ட தொழிலாளி ஒருவர், எனக்குச் சோகை, ஆகவே நாளைக்கே குளிகை விழுங்குகிறேன் என்று புறப்படலாகாது. ஒழுங்கு ஒன்றுண்டு. இரத்தமும் மலமும் பரிசோதித்து, புழு இருந்தால் அதனை ஒழிப்பது முதற்படி. பெண்களாயின் மாதவிடாயின் அளவை வைத்தியரிடம் கூசாமற் சொல்ல வேண்டும். உண்டு வந்த வலிநீக்கியின் பெயரையும் சொல்ல வேண்டும். அதனை நிறுத்தியதனாலேயே சோகை தீர்ந்தவர் உண்டு. அதன்மேல் இரைப்பைக் குழாயும் பெருங்குடற் குழாயும். அவற்றிற் காரணம் அகப்படாதபொழுதுதான் சிறுகுடலின் முறை வரும். பொதுவாகக் குளிகையை முன்னே அனுப்பி, அது காட்டிய இடத்துக்கு அருகான வாயில் எதுவோ அதன் வழியே பலூன் குழாய் செல்லும். இரத்தப்போக்கு நிகழ்ந்த ஓரிரு நாளுக்குள் குளிகையை விழுங்கினால் இடம் அகப்படும் வாய்ப்பு மிகுதி. வாரக்கணக்கில் தாமதித்தால் கசிவு நின்று சுவடு மறைந்துவிடும். இந்த நாள்கணக்கே ஏழைத் தொழிலாளிக்குப் பெருந்தடை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஈ.எஸ்.ஐ. ஏற்பாட்டில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் சேர 2017-இல் வகை செய்யப்பட்டது. ஆனால் மருந்தகத்திலிருந்து வைத்தியசாலைக்கும், அங்கிருந்து மேல் வைத்தியசாலைக்கும் சீட்டுப் பெற்றுச் செல்வதற்குள், விடுப்பில்லாத ஒப்பந்தத் தொழிலாளியின் கசிவு நின்றுபோவதும் மறுபடி தொடங்குவதும் பலமுறை நிகழ்ந்துவிடக்கூடும். ஆகையால் மலம் தார்போற் கறுத்தால் அன்றே சென்று சேர்வதும், கறுத்த நாளைக் குறித்துவைத்துச் சொல்வதும் அவசியம். இரும்பு மாத்திரை உண்பவர்க்கும் மலம் கறுக்கும்; தார் போன்ற பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் இருந்தால் இரத்தம் என்று கொள்க.

மற்றொரு தடை விலை. ஒருமுறை விழுங்கிக் கழித்துவிடும் இக்குளிகைக்குப் பல்லாயிரம் ரூபாயாகிறது. கருவிகளிற் பெரும்பாலன பிறதேசத்தவை. 2021-ஐ அடுத்து மத்திய அரசாங்கம் வைத்திய உபகரணப் பூங்காக்கள் அமைக்கத் தேர்ந்தெடுத்த நான்கு மாநிலங்களிற் தமிழ்நாடும் ஒன்று. அதற்குக் குறித்த இடம் ஒரகடமே, 350 ஏக்கர். குளிகைக்குள் இருப்பவை யாவை என்று மேலே கண்டோம்: காமிராச் சில்லு, வெண்விளக்கு, வில்லை, மின்கலம், ஒலிபரப்பி. இவ்வினத்துப் பொருள்களைத் தூசியணுகாத அறைகளில் அமர்ந்து, மயிரிழை பிசகாமற் பொருத்தி, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான கைப்பேசிகளாக அனுப்பும் கைகள் அவ்விடத்திலிருந்து சில மைல் தூரத்திலேயே இருக்கின்றன. உடம்புக்குள் போகும் பொருளுக்கு வேண்டிய பரிசோதனையும் அனுமதியும் கைப்பேசிக்கு வேண்டியவற்றினும் கடுமையானவை. அவற்றுக்கு ஆண்டுகள் பிடிக்கும். படங்களைப் பார்த்தறியும் கண்களும் வேண்டும். சென்னை இராஜீவ் காந்தி அரசாங்கப் பொது வைத்தியசாலையிலும் ஸ்டான்லியிலும் ஜீரண உறுப்பு வைத்தியத்துக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. வேலூர் கூப்பிடு தூரத்தில் இல்லாவிடினும் அதே சாலையில் இருக்கிறது. பௌதிகமும் கணிதமும் கற்கும் நம் மாணாக்கரில் எவரேனும் இத்துறையில் நுழைய விரும்பினால், குளிகையின் போக்கை வெளியிலிருந்து காந்தத்தால் நடத்தும் முயற்சி இரைப்பையளவில் ஏற்கெனவே கைகூடியிருக்கிறது என்பதையும், சிறுகுடலின் சுருள்களுக்குள் அது இன்னும் செவ்வனே கைகூடவில்லை என்பதையும் அறிந்துகொள்வது நலம்.